வீணைத் தண்டி: செய்விப்பதா, வாங்குவதா?

வருஷத்தில் ஒரு நாள், சரஸ்வதி பூஜைக்காக மட்டும் உறையினின்று வெளிவரும் வீணைகள் நம் நாட்டில் அநேகம். அவற்றுள் இராமநாதபுரம், இராமேசுவரம் கரையோரத்து வீணைகளின் கதி மிகவும் இரங்கத்தக்கது. கடற்காற்று தந்திகளைத் துருவேற்றுகிறது. அதனினும் கொடுமை, தண்டியையே வளைத்துவிடுகிறது. இராமேசுவரத்தில் பிறந்த டாக்டர் அப்துல் கலாம் வீணை வாசித்தவர். 2017-இல் பேக்கரும்பில் திறக்கப்பட்ட அவரது நினைவிடத்தில், அவர் வீணை மீட்டும் சிலையொன்று இருக்கிறது. அதைப் பார்த்துத் திரும்பிய குழந்தை, "நம் வீட்டு வீணையை எடு, அம்மா!" என்று கேட்டால் என்ன செய்வது? உள்ளூர் ஆசாரியிடம் புதுத் தண்டி செய்விப்பதா, தஞ்சாவூரில் வாங்குவதா? இந்தத் தர்க்கம் முடிவதற்குள் பாட்டியின் வீணை மீண்டும் பரணுக்குப் போய்விடுகிறது.

புதுத் தண்டி வேண்டுமா என்பதை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? மேல்நாட்டுக் கித்தார்களில் மெட்டுக்கள் மரத்திலேயே அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். கழுத்து வளைந்தால் நிமிர்த்துவதற்கென்று உள்ளே ஓர் எஃகுக் கம்பியை வைக்கிறார்கள். 1951-இல் பெண்டர் கம்பெனியார் வெளியிட்ட பாஸ் கித்தாரில் கழுத்தைத் திருகாணியால் முடுக்கியிருந்தார்கள். கெட்டுப் போனால் கழற்றி எறிந்து வேறொன்றைப் பூட்டலாம். நம் வீணையில் திருகாணியும் இல்லை, எஃகுக் கம்பியும் இல்லை. அதன் 24 மெட்டுக்களும் மெழுகின்மேல் நிற்கின்றன. தண்டி சிறிது வளைந்தால், கைதேர்ந்தவர் மெழுகை இளக்கி, மெட்டுக்களின் உயரத்தையும் இடத்தையும் திருத்தி, மேளம் கட்டிக் கொடுத்துவிடுவார். குடத்தோடு தண்டி சேரும் மூட்டு மட்டும் விட்டிருந்தால், மறுபடி ஒட்டவைக்கலாம். தண்டி முறுக்கிக்கொண்டாலோ நெடுக வெடித்தாலோதான் புதியது வேண்டும்.

அப்படிப் புதியது வேண்டுமானால், வீணையின் ஜாதியைக் கவனிக்க வேண்டும். குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே பலாமரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. அதில் தண்டியை மட்டும் மாற்றுவதென்பது வீணையை வெட்டுவதேயாகும். அதற்கு நாம் சம்மதியோம். தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணைக்குத்தான் தண்டி மாற்றுவது தகும்.

நம் கரையில் வள்ளம் கட்டும் தச்சர்களின் கைத்திறனைக் குறை சொல்பவன் கடலைப் பார்த்திராதவன். ஆயினும் படகின் தர்மம் வேறு, வீணையின் தர்மம் வேறு. படகுப் பலகை நீரில் ஊறிப் பருத்தால் இடுக்குகள் அடைபடும், அது நன்மை. வீணை மரம் ஈரத்தில் பருத்தால் மூட்டு விடும், சுருதி விலகும். மரம் நீளவாக்கில் அதிகம் மாறுவதில்லை. குறுக்குவாக்கில்தான் பருத்துச் சுருங்குகிறது. ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாயிருந்தால் வளைகிறது. ஆகையால் நன்கு பதப்பட்ட பலா கிடைக்காத ஊரில் தண்டி செய்விப்பது வீண். மரம் கிடைத்து, தண்டியை அழகாகக் குடைந்துவிட்டாலும், மேளம் கட்டுவதற்குக் காது வேண்டுமே! பன்னிரண்டாம் மெட்டில் மேல் ஸட்ஜம் மயிரிழை விலகினாலும் குழந்தையின் பயிற்சி பாழ்.

வெறும் தண்டியை மட்டும் வாங்கிவந்து வீட்டில் ஒட்டிக்கொள்வதையும் நாம் ஒப்புவதில்லை. குடத்தின் வாய்க்குத் தண்டி பொருந்த வேண்டும். அளவெடுத்து அனுப்பினால் போதாது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணைத் தொழிலாளரிடமே பழைய குடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தண்டியைச் செய்விப்பதே மேல். குடமும் வெடித்திருந்தால் புது வீணையே வாங்கிவிடலாம். பாதிப் பழையதும் பாதிப் புதியதுமாக இரட்டைச் செலவு ஏன்?

நவராத்திரிக்கு முதல் வாரம் ஓடாதீர்கள். அப்போது அவர்களுக்கு மூச்சு விட நேரமிராது. பின்னாலேயே ஐப்பசி மழையும் வரும். தை பிறந்து காற்று உலர்ந்தபின் போகலாம். புறப்படுமுன் தந்திகளைத் தளர்த்திக் கட்டுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வீணையை விடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.