விடைக்குறிப்பு மட்டும் போதாது

ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கு மாதிரித் தாள்கள் கிடைப்பதில் இன்று குறையொன்றுமில்லை. தேசியத் தேர்வு முகமையே அவற்றைக் கட்டணமின்றி அளிக்கிறது. 2021 முதல் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆயினும், அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கும் மாணவனொருவன் அத்தகைய தாளொன்றை மூன்று மணி நேரம் சிரத்தையுடன் எழுதி, கணிதத்தின் 25 வினாக்களில் பாதியைத் தவறவிட்டு, எங்கே தவறினோம் என்று கேட்க ஆளின்றி விடைக்குறிப்பையே பார்த்துக்கொண்டிருப்பானாகில், அந்தத் தாளால் அவனுக்கு விளைந்த பிரயோஜனம் யாது?

இரண்டு எக்ஸுடன் மூன்றைக் கூட்டியதன் வர்க்கமூலம் எக்ஸுக்குச் சமம். தீர்வுகளின் கூடுதல் என்ன என்பது வினா என்று வைத்துக்கொள்வோம். மாணவன் இருபுறமும் வர்க்கப்படுத்தி, காரணிப்படுத்தி, 3, −1 என்ற இரு மூலங்களைக் கண்டு, கூட்டி 2 என்று எழுதுகிறான். விடைக்குறிப்போ 3 என்கிறது. காரணிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறான். அங்கே பிழையே இல்லை. அருகில் ஓர் ஆசிரியர் இருந்து, ‘−1-ஐ முதல் சமன்பாட்டிலே போட்டுப் பார், தம்பி’ என்றால் போதும்: இடப்புறம் 1, வலப்புறம் −1, வர்க்கப்படுத்தியபோது புகுந்த போலி மூலம் அது. சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1 என்ற கணக்கில் இங்கே போவது ஐந்து மதிப்பெண். சொல்லாமல் விட்டால் இதே பிழை திரிகோணமிதியிலும் வந்து நிற்கும்.

கைபேசியில் வினாவைப் படம்பிடித்தால் முழுச் செய்முறையும் வந்துவிடுகிறதே என்பார் உண்டு. வருகிறது, ஆனால் அது பிறர் போட்ட கணக்கு. மாணவனுடைய ரஃப் நோட்டைப் பார்த்து அவன் வழுக்கிய வரியைச் சுட்டுவதே சகாயம் என்பது நமது அபிப்பிராயம். அந்தச் சகாயம் இன்று பெரும்பாலும் கோச்சிங் சென்டர்களில் விலைக்கு விற்கப்படுகிறது. அரசு மாதிரிப் பள்ளிகளில் ஜே.இ.இ.க்குப் பயிற்சி உண்டு, பாராட்டத்தக்கதே. அங்கே இடம் கிடைக்காதவன் யாரிடம் போவான்?

பொறியியல் சேர்க்கைக்கான மாநில நுழைவுத் தேர்வைத் தமிழகம் 2007-இல் நீக்கியது நியாயமே. நுழைவுத் தேர்வுகளின்பால் நமக்கும் மோகமில்லை. ஆனால் திருச்சி என்.ஐ.டி.யின் பி.டெக். இடங்களுக்கு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வே வாயிலாயிருக்கும் வரை, கொள்கையைக் காரணம் காட்டி மாணவனைக் கைவிடுவது தர்மமாகாது.

ஆகவே, மேல்நிலைப் பள்ளிகள்தோறும் வாரத்தில் இரண்டு பாடவேளைகளை ஐயம் தீர்ப்பதற்கென்றே பள்ளிக்கல்வித் துறை ஒதுக்க வேண்டும். கணித ஆசிரியருக்கு ஏற்கனவே பளு அதிகம் என்ற ஆட்சேபம் மெய்யே; எமிஸ் தளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவது முதலிய எழுத்து வேலைகளிலிருந்து அவரை விடுவித்து அந்த நேரத்தைத் தருக. அவ்வேளைகளில் புதுப் பாடம் நடத்தலாகாது என்பதையும் ஆணையிலேயே எழுதிவிடுவது நல்லது; இல்லையேல், அரைப்பரீட்சைக்கு முன்பே அவை விட்டுப்போன பாடங்களை முடிக்கும் நேரமாகிவிடும்.