பாதி திரையில், பாதி பட்டறையில்

வெல்டிங்கை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டால், பாதி முடியும் என்பேன். எந்த ராடு எதற்கு, கரண்ட் எவ்வளவு வைப்பது என்பதையெல்லாம் கைபேசியில் நாலு முறை திருப்பிப் பார்க்கலாம். ஐடிஐ வகுப்பில் வாத்தியார் ஒரு முறைதான் சொல்வார். ஆனால் தகட்டோடு ஒட்டிக்கொண்ட ராடை மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பி விடுவிக்கிற லாவகமும், ஆர்க் நீண்டுவிட்டதைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கிற காதும் பட்டறையில்தான் வாய்க்கும். ஜெர்மனியில் பழகுநர்கள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்கும் மற்ற நாள்களில் நிறுவனத்துக்கும் போகிறார்கள். 1969-லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. நம்மிடம் அதற்கும் முந்தைய, 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. இணையப் பாடங்களுக்கு பாரத் ஸ்கில்ஸ் தளமும் இருக்கிறது. இரண்டையும் சேர்க்கிற இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். அம்பத்தூரிலோ ஓசூரிலோ எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்த பையனிடம், “பாடத்தை ராத்திரி ரூமுக்குப் போய்ப் பார்த்துக்கோ” என்றால் பார்ப்பானா, தூங்குவானா? (டேட்டாவுக்கும் அவன் உதவித்தொகையில்தான் கைவைக்க வேண்டும்.) திரைப் பாடத்தை ஷிப்டுக்குள் கொண்டுவாருங்கள். பார்த்த பாடத்தை மறுநாளே செய்து பார்க்க ஒரு மூத்த வெல்டரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முதலாளிமார் முகம் சுளிக்கத் தேவையில்லை: பாட வகுப்பில் பழகுநர் செலவிடும் நேரமும் சம்பளத்துக்குரிய வேலை நேரமே என்று நம் 1961 சட்டத்தின் 10-ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது.