எனக்கும் அரை டிக்கெட் வாங்குங்க!



பரீட்சை முடிந்து லீவு விட்டதும், 'ஒருநாள் எங்காவது போயிட்டு வரலாமா?' என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் கிளம்பும். காலையில் ரயில் ஏறி, இருட்டும்முன் திரும்பி வருகிற மாதிரி ஓர் ஊர். ஒரு தூக்குவாளி நிறைய புளியோதரை, தண்ணீர் பாட்டில், இரண்டு துண்டு. அறை எடுக்க வேண்டாம், செலவும் குறைவு.

சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ரயிலைப் போல வண்டி கிடையாது என்பது என் கட்சி. பஸ்சில் எழுந்து நடக்க முடியாது. சில பிள்ளைகளுக்கு வாந்தி வேறு வந்துவிடும். ரயிலிலோ ஜன்னலும் உண்டு, கால் நீட்ட இடமும் உண்டு.

ஆனால், இன்று நான் பேச வந்தது டிக்கெட் கவுன்டரிலேயே நடந்து முடிந்துவிடுகிற ஒரு சின்ன விஷயத்தைப் பற்றி. உங்களில் பலருக்கு அது நடந்திருக்கும். அப்பாவோ, மாமாவோ உங்கள் காதருகே குனிந்து, 'யாராவது கேட்டா வயசு நாலுன்னு சொல்லு, என்ன?' என்று சொல்லியிருப்பார்கள்.

நானும் அப்படிச் சொன்ன அப்பாதான்!

அது 1993ம் ஆண்டு. திருநெல்வேலியில் இருந்து திருச்செந்தூருக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். அப்போது அது மீட்டர் கேஜ் பாதை. என் மகளுக்கு ஆறு வயது முடிந்து மூன்று மாதம். ரயிலில் ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முதல் பன்னிரண்டு நிறையும் வரை அரை டிக்கெட் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் இரண்டு முழு டிக்கெட் மட்டும் வாங்கினேன். மாதக் கடைசி, கையில் இருந்தது கொஞ்சம்தான். மகளிடம், 'நாலுன்னு சொல்லும்மா' என்றேன். அவளும் தலையாட்டினாள்.

செய்துங்கநல்லூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"பாப்பாவுக்கு என்ன வயசு?"

"நாலு!"

"நாலு வயசுக்கு நல்லா வளர்ந்திருக்கியே..." என்று கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் போய்விட்டார். நாங்கள் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டியிருந்தால், அபராதம் கட்டிவிட்டு மறந்திருப்பேன் என்று பிறகு பலமுறை நினைத்தது உண்டு. ஏனென்றால், அதற்குப் பிறகுதான் என் மகள் கேட்டாள்...

"அப்பா, இப்ப நான் ஆறு ஆகிக்கிடலாமா? இல்ல, திரும்பி வர்ற வரைக்கும் நாலுதானா?"

பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. வகுப்பில் அரிச்சந்திரன் கதையைக் குரல் ஏற்றி, குரல் இறக்கி நடத்துகிற வாத்தியார் ஆயிற்றே நான்!

அவள் பதில் வராததால், நாலாகவே இருந்துவிட்டாள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத் தோட்டங்களை அவள் பார்க்கவில்லை. குரும்பூர் பக்கம் வரிசை வரிசையாய் நின்ற பனைகளைப் பார்க்கவில்லை. ஆறுமுகநேரியில் வெயிலில் பளபளத்த உப்பளங்களைக் காட்டினேன். திரும்பினாள், உடனே கதவுப் பக்கம் பார்த்தாள். மறுபடி அந்தக் கறுப்புக் கோட்டு வந்துவிடுமோ என்ற பயம்! திருச்செந்தூர் கடலில் கால் நனைத்தபோதுதான் முகம் தெளிந்தது. மிச்சமான காசில் அவளுக்கு ஒரு சிப்பி மாலை வாங்கினேன். திரும்பும் ரயிலில் ஏறியதும் அதைக் கழற்றி அவள் அம்மாவின் பையில் போட்டுவிட்டாள். "இது போட்டா பெரிய பிள்ளை மாதிரி தெரியும்ப்பா" என்றாள்.

சிக்கனமாக இருப்பது நல்ல குணம்தான். ஆனால் எதை விற்று எதை வாங்கினேன் என்று பாருங்கள். சில ரூபாய்க்காக ஒரு குழந்தையின் முழு நாளை விற்றிருக்கிறேன்.

'சார், எல்லாரும்தான் செய்றாங்க... ரயில்வே எவ்வளவு பெரிசு! ஒரு அரை டிக்கெட்டில் அது நஷ்டப்பட்டுப் போயிடுமா?' என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை என் வகுப்பிலேயே ஒரு பையன் கேட்டிருக்கிறான். ரயில்வே நஷ்டப்படாது, தம்பி. நான் ரயில்வேயைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. என் கவலை ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் உன்னைப் பற்றி! அரை டிக்கெட் என்பது அபராதம் அல்ல. ஏற்கெனவே உனக்குத் தரப்பட்டிருக்கும் சலுகை. பாதி விலைக்கு முழு ஜன்னல்! சாதாரண பாசஞ்சர் ரயிலில் இவ்வளவு தூரத்துக்கு அரை டிக்கெட் எடுத்தால், கடற்கரையில் நீ அடம்பிடித்து வாங்கும் ஐஸ்கிரீமின் விலைகூட ஆகாது.

ஒரு சின்ன விளக்கம். இரவு ரயில்களின் முன்பதிவுப் பெட்டிகளில் குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்று 2016ல் விதி மாறிவிட்டது. ஒருநாள் பயணத்துக்கு நாம் ஏறும் முன்பதிவு இல்லாத பெட்டியில் பழையபடி அரை டிக்கெட்தான்.

இன்னொன்றும் உண்டு, இது விளையாட்டு இல்லை. திருவிழாக் கூட்டத்திலோ, ரயில் நிலையத்திலோ ஒரு பிள்ளை கை தவறிப் போனால், போலீஸ்காரரும், குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணில் பேசுபவரும் முதலில் கேட்பது பெயர், வயது, ஊர். 'கோட்டுப் போட்டவர் கேட்டால் மாற்றிச் சொல்லு' என்று காலையில் பழக்கிய பிள்ளை, மாலையில் காக்கிச் சட்டைக்காரரிடம் எந்த வயதைச் சொல்லும்? பயந்த பிள்ளைக்கு இரண்டு பதில் இருக்கக் கூடாது.

அதற்காகப் பரிசோதகர் முன்னால், 'எங்கப்பா பொய் சொல்றார்!' என்று கூவிவிடாதீர்கள். பெற்றவரை நாலு பேர் நடுவில் தலைகுனிய வைப்பதை நான் ஒருநாளும் சொல்லித்தர மாட்டேன். இந்தப் பேச்சுக்கு நேரம் முதல் நாள் ராத்திரி. ஒரு தாள் எடுத்து, யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள். அப்பா, அம்மா, ஆச்சி, பதின்மூன்று வயது அக்கா, எட்டு வயது நீ, மூன்று வயது தம்பி என்று வைத்துக்கொள்வோம். முழு டிக்கெட் எத்தனை? நாலு. அரை? ஒன்று, அது நீ! தம்பிக்கு டிக்கெட்டே வேண்டாம். கணக்கைப் போட்டு அப்பா கையில் கொடுத்து, 'எனக்கும் அரை டிக்கெட் வாங்குங்கப்பா' என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான அப்பாக்கள் மறுக்க மாட்டார்கள். பிள்ளை கேட்காததால்தான் அவர்களுக்குத் தோன்றாமல் போகிறது. அன்று என் மகள் கேட்டிருந்தால், நான் வாங்கியிருப்பேன்.

பதின்மூன்று வயது அக்காக்கள், அண்ணன்கள் சிலர் குள்ளமாக இருப்பதை வைத்து இன்னும் பதினொன்றிலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் மறுபடி அதே பாதையில் போனோம். இந்த முறை என் மகளும், அவளுடைய இரண்டு பிள்ளைகளும். பேத்திக்கு ஒன்பது, பேரனுக்கு ஐந்து முடிந்து ஒரு வாரம். கவுன்டர் வரிசையில் நிற்கும்போது மகள் என் பக்கம் திரும்பி, "அப்பா... இவனுக்கு நாலுன்னு சொல்லட்டுமா?" என்றாள். முப்பது வருஷம் ஆகியும் மறக்கவில்லை, பாருங்கள்! இருவரும் சிரித்தோம். அவள் சிரித்த அளவுக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எல்லாரையும் சேர்த்து ஒரே காகிதத்தில் அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். பேரன் விடவில்லை. 'எனக்குத் தனியா வேணும்' என்றான். கவுன்டரில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே அவனுக்கு மட்டும் ஒரு டிக்கெட் தனியாக அடித்துக் கொடுத்தார். அன்று அவன் ரயிலே தன்னுடையது என்பது போல ஏறினான்.

ஸ்ரீவைகுண்டம் வந்ததும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைக்குப் போன ரயில் இங்கேதான் நின்றுபோனது என்று சொன்னேன். ஏறத்தாழ 800 பயணிகள்; தண்டவாளத்தின் அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். பேத்தி, "அவங்க வீட்டுலயும் தண்ணி வந்திருக்கும்ல தாத்தா?" என்று கேட்டாள். நாசரேத் ஸ்டேஷனில், பைபிளில் வரும் ஊரின் பெயர் இங்கே எப்படி என்று கேட்டாள். பேரன் பனைமரங்களை எண்ண ஆரம்பித்து, நூற்றுப்பத்தில் விட்டுவிட்டான்.

அன்று முழுக்க டிக்கெட் பரிசோதகர் வரவே இல்லை. பேரனுக்கு ஒரே ஏமாற்றம்! திருச்செந்தூரில் இறங்கியதும் டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தான். யாரும் கேட்கவில்லை. வெளியே பனங்கிழங்கு விற்றுக்கொண்டிருந்த ஆச்சியிடம் நேராகப் போய் நீட்டினான். அவர் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"யாருக்கு ராசா இது?"

"எனக்கு. எனக்கு அஞ்சு வயசு!"

அந்தக் காகிதம் இப்போது அவன் அக்காவின் ஜியாமெட்ரி பாக்சில் இருக்கிறது. அச்சு மங்கத் தொடங்கிவிட்டது என்று நேற்று போனில் புகார் சொன்னான்.