சாவி யார் கையில்?

1948இல் கொடி மாறிற்று. ஆயினும் திருமலைக் கடற்படைத் தளத்தின் சாவி 1957 வரை பிரித்தானியரிடமே இருந்தது. கரையில் வாழ்ந்தவர் நாம். வாயிலைக் காத்தவர் வேற்றார். அந்நிலை இன்று இணையத்திலே, கண்ணுக்குப் புலனாகாத வகையில் மீண்டிருக்கின்றது.

கோணேசர் கோயில் திருவிழாவையும் தம்பலகாமத்து வயல் விதைப்பையும் நம் இளைஞர் கைபேசியிற் காணொளியாக எடுக்கின்றனர். அதனைச் சுருக்கிக் கோப்பாக்குவதற்குப் பெரிதும் வழங்கும் முறை எச்.264. 2003இல் வகுக்கப்பட்ட இம்முறைமீது பல நிறுவனங்கள் காப்புரிமை கொண்டாடின. கருவி செய்வோரும் மென்பொருள் வழங்குவோரும் கப்பம் கட்டல் வேண்டும் என்பது அவற்றின் விதி.

"நமக்கு இலவசமாகத்தானே ஓடுகின்றது?" என்பாரும் உளர். ஃபயர்ஃபாக்ஸ் என்னும் இணைய உலாவியை யாவர்க்கும் இலவசமாக வழங்கும் மொசில்லாவுக்கு நேர்ந்ததை அவர்கள் அறிதல் நன்று. கப்பத்தை மறுத்துத் திறந்த முறைகளையே அது ஏற்று நின்றது. கூகிள் 2010இல் விபி8 முறையைக் கட்டணமின்றித் திறந்துவிட்டது. மறு ஆண்டு, தன் குரோம் உலாவியிலிருந்து எச்.264ஐ நீக்குவதாக முழங்கியது. முழங்கியதோடு சரி! தனித்து விடப்பட்ட மொசில்லா 2012இற் பணிந்தது. 2013இல் சிஸ்கோ நிறுவனம் கப்பத்தைத் தானே ஏற்று, எச்.264 மென்பொருளை இலவசமாக அளிக்க முன்வந்தது. பிறர் செலுத்தும் வரியால் திறக்கும் வாயில் நம் வாயில் ஆகுமா?

எச்.264இன் காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகி வருவது மெய்யே. ஆனால் 2013இல் வந்த எச்.265க்குக் கப்பம் தண்டும் கூட்டங்களோ ஒன்றல்ல, பல. அது தாளாமலே பெருநிறுவனங்கள் 2015இற் கூட்டணி அமைத்து, 2018இல் ஏவி1 என்னும் திறந்த முறையை வெளியிட்டன. அறம் கருதிச் செய்தன என்று நாம் மயங்கவில்லை. தம் பணப்பையைக் காக்கவே செய்தன. இருப்பினும் பயன் நமக்கும் உண்டு.

உழவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. விதைநெல்லை எடுத்துவைத்தவன் அடுத்த போகத்துக்கு எவர் வாசலிலும் நிற்பதில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவுக்கும் படங்களை உதவும் விக்கிமீடியா பொதுவகம், எச்.264 தாங்கிய எம்பி4 கோப்புகளை ஏற்பதா என்று 2014இல் தன் பங்களிப்பாளரிடம் கேட்டது. அவர்கள் இணங்கவில்லை. அந்த உறுதி நம் அலுவலகங்களுக்கு ஏன் வரலாகாது?

திருமலையிலிருந்து இயங்கும் கிழக்கு மாகாண நிர்வாகத்திடம் நாம் கேட்பது பெரிதன்று. பொதுப்பணத்தில் எடுக்கப்படும் பாடக் காணொளிகளுக்கும் கமத்தொழில் விளக்கப் படங்களுக்கும் திறந்த முறையில் ஒரு படியேனும் பேணப்படல் வேண்டும். கோப்பை மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. குறைவது சுற்றறிக்கை ஒன்றே. அதனை எழுத எத்தனை மாதம் வேண்டும்?