மூன்று அடுப்புக்கு ஒரு மீற்றர்: தோட்டத்துக்கு ஸ்மார்ட் மின்மானி வரும்போது

மாவனல்லை நகரத்திலிருந்து முச்சக்கரவண்டியில் அரை மணித்தியாலம் ஏறினால் என் பெரியம்மாவின் தோட்டம் வரும். இறப்பர் தோட்டம். கண்டி வீதியில் பயணம் செய்பவர்களுக்கு மாவனல்லை என்றால் கடைகளும் மகா ஓயாவும்தான் நினைவுக்கு வரும். மேலே மலைச்சரிவில் தமிழ் பேசும் லயங்கள் இருப்பது பலருக்குத் தெரியாது. 1977 வன்செயலுக்குப் பிறகு என் அம்மாவின் வீட்டார் இங்கிருந்து வன்னிக்குப் போய் கிளிநொச்சி பாரதிபுரத்தில் குடியேறினார்கள். பெரியம்மா மட்டும் கலியாணம் கட்டிய இடத்திலேயே நின்றுவிட்டார்.

அவருடைய லயக் காம்பராவின் முன்சுவரில் ஒரு மின்மானி இருக்கிறது. அதிலிருந்து மூன்று குடும்பங்களுக்குக் கரண்ட் போகிறது. பெரியம்மாவின் காம்பரா ஒன்று. குசினிக்குப் பின்னால் தகரம் போட்டு இறக்கிய அறையில் மூத்த மகனின் குடும்பம். வாசலுக்கு எதிரே, பலகையும் சீமெந்துக் கல்லுமாகக் கட்டிய வீட்டில் இளைய மகன். மூன்று அடுப்பு, மூன்று உலை, ஒரு மீற்றர். தனி இணைப்பு ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். “இடம் நம்ம பேர்ல இல்லையே தம்பி, தொரை கடிதம் தந்தாத்தானே” என்றார். நிலம் தோட்டத்துடையது. தகரம் இறக்கிய அறை தோட்டத்துக் கணக்கில் வீடே இல்லை. வீடு இல்லாத இடத்துக்கு மின்மானியும் கிடையாது.

ஸ்மார்ட் மின்மானி பற்றி எழுத வேண்டும் என்று நினைத்த நாளிலிருந்து இந்த ஒரு மீற்றர்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அதனால் கணக்கைச் சொல்லிவிட்டுத் தொழில்நுட்பத்துக்குப் போகிறேன்.

2025 ஜூன் கட்டணத் திருத்தத்தின்படி மாதம் 60 அலகுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு முதல் 30 அலகு 4 ரூபா 50 சதம், அடுத்த 30 அலகு 8 ரூபா. 60ஐத் தாண்டிவிட்டால் இந்தச் சலுகை முழுதாகப் போய்விடும். முதல் அலகிலிருந்தே 12 ரூபா 75 சதம் எண்ணத் தொடங்குவார்கள். நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும்: 31 முதல் 60 வரை 210 ரூபா, 61 முதல் 90 வரை 400, 91 முதல் 120 வரை 1,000. இனி மூன்று குடும்பமும் ஆளுக்கு 35 அலகு பாவிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி மீற்றர் இருந்தால் ஒரு வீட்டுக்கு 385 ரூபா, மூன்றுக்கும் சேர்த்து 1,155. ஒரே மீற்றரில் அது 105 அலகாகிறது. கட்டணம் 2,680 ரூபா. வரியை நான் இரண்டிலும் சேர்க்கவில்லை. அதே மின்குமிழ்கள், அதே அரிசி, அதே தொலைக்காட்சி. 1,525 ரூபா அதிகம். 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையும் விட அது கூட. ஏழைக்கென்று வகுத்த சலுகை, ஏழைகள் நெருக்கியடித்து வாழும் இடத்திலேயே வேலை செய்வதில்லை.

இதில் மின்மானியில் எந்தப் பிழையும் இல்லை. அது சரியாகத்தான் அளக்கிறது. நாளை அந்தச் சுவரில் ஸ்மார்ட் மின்மானி பூட்டினால் இன்னும் சரியாக அளக்கும். 105ஐ 105 என்றே, அரை மணிக்கு ஒருதடவை, கொழும்புக்கு அறிவிக்கும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பழைய மின்மானியில் அலுமினியத் தட்டு சுழலும். பிறகு வந்த இலத்திரனியல் மின்மானியில் எண் ஒளிரும். இரண்டையும் ஒருவர் வந்து பார்த்துப் போகவேண்டும். ஸ்மார்ட் மின்மானியில் கூடுதலாக இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று தொடர்பாடல் கருவி. கைபேசி வலையமைப்பு வழியாகவோ, பக்கத்து மின்மானிகளைக் கைகோத்துக்கொண்டு வானலை வழியாகவோ, மின்கம்பி வழியாகவோ அது தரவை அனுப்பும். மற்றது உள்ளேயே இருக்கும் ஆளி. அலுவலகத்தில் ஒருவர் கணினியில் கட்டளை கொடுத்தால் வீட்டின் மின்சாரம் நிற்கும், மறுபடி கொடுத்தால் வரும். இந்த இரண்டுக்கும் பின்னால் மென்பொருள், தரவுக் களஞ்சியம், அவற்றை நடத்தும் கம்பனி.

நன்மை இல்லை என்று சொல்லமாட்டேன். மீற்றர் பார்ப்பவர் மழைக்குப் பயந்து வராமல் உத்தேசமாக எழுதும் பில் இல்லாமல் போகும். கம்பி அறுந்தால் எந்தச் சரிவில் அறுந்தது என்று உடனே தெரியும். 2016 மேயில் அரநாயக்க சாமசர மலை சரிந்ததை மறக்காத மாவட்டத்தில் அது சிறிய விடயமல்ல. இன்னொன்று, அவ்வளவாகப் பேசப்படாதது: நீளமாக இழுத்த கம்பியின் கடைசியில் இருக்கும் லயங்களில் மாலையானால் மின்னழுத்தம் விழுந்து குமிழ் மஞ்சளாகிவிடும். முறையிட்டால் ‘பார்க்கிறோம்’ என்பார்கள். ஸ்மார்ட் மின்மானி அந்த அழுத்தத்தைத் திகதி, நேரத்தோடு பதியும். அந்தப் பதிவு பாவனையாளரின் கைக்கும் கிடைத்தால் அது சாட்சி. மின் வழங்குநரின் கணினியில் மட்டும் கிடந்தால் யாருக்கு என்ன பயன்?

இலங்கையில் இந்த மாற்றம் கொழும்பைச் சுற்றியே தொடங்கியிருக்கிறது. 1983இல் உருவாக்கப்பட்ட லெக்கோ நிறுவனம்தான் முன்னால் நிற்கிறது. நீர்கொழும்பிலிருந்து காலி வரையான கரையோர நகரங்களுக்கு மின்சாரம் விநியோகிப்பது அது. சீன நிறுவனமொன்றுடன் சேர்ந்து பண்டாரகமவில் மின்மானித் தொழிற்சாலையும் நடத்துகிறது. மாவனல்லை லெக்கோவின் எல்லைக்குள் இல்லை. இங்கே விநியோகம் மின்சார சபையின் கையில்தான் இருந்து வந்தது. அந்தச் சபையை உற்பத்தி, கடத்தல், விநியோகம் எனப் பல அரச கம்பனிகளாகப் பிரிக்க 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் 2025 திருத்தமும் வழிசெய்தன. சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் கைச்சாத்தான ஏற்பாட்டின்படி மின்கட்டணம் செலவை ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வோர் அலகுக்கும் பணம் அறவிட வேண்டிய கம்பனிக்கு ஸ்மார்ட் மின்மானி வெறும் நவீனப் பொருளாகத் தெரியாது.

யாரோடு கூட்டுச் சேர்வது என்பதில்தான் உண்மையான அரசியல். வடக்கு வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான கலப்பு மின்திட்டம் 2021இல் சீன நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடந்த கேள்விப்பத்திரம் அது. இந்தியா ஆட்சேபித்தது. அடுத்த ஆண்டே அதே தீவுகளுக்கு இந்திய நன்கொடையில் திட்டம் செய்ய உடன்பாடு கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் இந்தியக் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம். தீவில் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தவரிடம் எந்த நாட்டுக் காற்றாடி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

மின்மானியில் இந்தக் கேள்வி இன்னும் ஆழமானது. காற்றாடி பழுதானால் வேறொன்று வாங்கலாம். ஒரு கம்பனியின் மென்பொருளோடு பேசும் மின்மானியை இலட்சக்கணக்கில் பூட்டிவிட்டால் பிறகு அந்தக் கம்பனியை விட்டு வெளியேறுவது கடினம். தரவுப் பரிமாற்றத்துக்குச் சர்வதேச நியமங்கள் உண்டு. அவற்றைக் கேள்விப்பத்திரத்திலேயே கட்டாயமாக்கினால்தான் பல உற்பத்தியாளர்களின் மின்மானிகள் ஒரே முறைமையில் பேசும்.

இந்தியா இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் நாடு. 2021இல் அறிவித்த திட்டத்தின்படி 25 கோடி முற்கொடுப்பனவு ஸ்மார்ட் மின்மானிகள். அங்கே பரவலான ஒப்பந்த முறை இப்படி: தனியார் கம்பனி தன் பணத்தில் பூட்டிப் பல ஆண்டுகள் இயக்கும், ஒரு மின்மானிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் வாங்கிக்கொள்ளும். கேரளா இந்த முறையை ஏற்காமல், தன் மின்சார வாரியமே செலவிட்டு வாங்கும் வழிக்குத் திரும்பியது. தமிழ்நாட்டில் சென்னை உள்ளிட்ட 8 மாவட்டங்களுக்கான 82 இலட்சம் மின்மானிகளுக்கு அதானி குழும நிறுவனம்தான் குறைந்த விலை கேட்டிருந்தது. அந்தக் குறைந்த விலையே அதிகம் என்று சொல்லி 2024 டிசம்பரில் கேள்விப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. குஜராத்தின் வடோதராவில் 2024 மேயில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். முற்பணம் கரைந்ததும் வீடு இருட்டாவது அவர்களுடைய முறைப்பாடுகளில் ஒன்று.

அந்த இருட்டுக்கு எங்களிடமும் கணக்கு உண்டு. 2022 ஓகஸ்ட் வரை 30 அலகு பாவித்த வீட்டின் மாதக் கட்டணம் 105 ரூபா. ஓகஸ்டில் 360. 2023 பெப்ரவரியில் 1,300. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு குமிழும் ஒரு வானொலியும் வைத்திருந்தவர் ஒரு நாளைக்கு மேல் உழைத்தால்தான் அந்த மாத பில்லைக் கட்டலாம். 2023இல் நாடு முழுவதும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. பிறகு கட்டணம் பலமுறை இறங்கியது. ஆனால் அந்த ஆண்டில் விளக்கை அணைத்துவிட்டுக் குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் அந்த ஆண்டைத் திரும்பப் பெறப்போவதில்லை.

பெரியம்மாவின் லயத்திலும் அந்த ஆண்டு கரண்ட் வெட்ட ஆள் வந்திருக்கிறார். மலையேறி வந்த மனிதர் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். மகன் சங்கக் காசிலிருந்து கடன் வாங்கிவர ஓடினான். இரண்டு மணித்தியாலம் காத்திருந்துவிட்டு அவர் வெட்டாமலே போனார். அவருக்கு அப்படிக் காத்திருக்கும் அதிகாரம் இருந்ததா தெரியாது. மின்மானிக்குள் இருக்கும் ஆளிக்கு தேத்தண்ணி கொடுக்க முடியாது. எனவே தொலைவிலிருந்து துண்டிக்கும் வசதி வருமுன் விதிகள் வரவேண்டும்: எத்தனை நாள் முன்னறிவித்தல், எந்த மொழியில், வீட்டில் நோயாளி இருந்தால் என்ன, வெள்ளிக்கிழமை மாலை வெட்டிவிட்டுத் திங்கள்வரை அலுவலகம் பூட்டிக் கிடந்தால் என்ன. இவற்றை மின் வழங்குநரின் நல்லெண்ணத்துக்கு விடாமல் இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு எழுத்தில் தர வேண்டும். அறிவித்தல் கைபேசிக்கு வருமென்றால், பெரியம்மாவிடம் இருப்பது பட்டன் போன். இணைப்பில் பதிந்திருக்கும் இலக்கம் எப்போதோ செத்துப்போன பெரியப்பாவுடையது.

நேரத்துக்கேற்ற கட்டணம் இன்னொரு விடயம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். இப்போது வீடுகளுக்கு அது விருப்பத் தெரிவுதான். எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மின்மானி வந்தபின் அதை எல்லோருக்கும் ஆக்குவது எளிது. கொழும்பில் சலவை இயந்திரத்தையும் மின்சாரக் காரையும் நள்ளிரவுக்குத் தள்ளலாம். பால்வெட்டப் போகிறவர்கள் விடியுமுன் எழுந்து உலை வைப்பதால் அதிகாலை 5.30 வரையான மலிவு நேரத்தில் அவர்களுக்கும் கொஞ்சம் இலாபம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை முடிந்து வந்து விளக்குப் போடும் நேரத்தையும் பிள்ளை பாடம் படிக்கும் நேரத்தையும் எங்கே தள்ளுவது?

கடைசியாக, தரவு. இதைப் பேசினால் மிகைப்படுத்துகிறேன் என்று தெற்கில் இருக்கும் என் ஊடக நண்பர்கள் சிரிக்கிறார்கள். அரை மணிக்கொரு தடவை எடுக்கும் அளவீட்டை ஒரு மாதம் அடுக்கிப் பார்த்தால், வீட்டார் எப்போது எழுகிறார்கள், எப்போது வெளியே போகிறார்கள், எந்த இரவில் வழமைக்கு மாறாக விளக்கு எரிந்தது என்பது தெரியும். நெதர்லாந்தின் மேல்சபை 2009இல் ஸ்மார்ட் மின்மானியைக் கட்டாயமாக்கும் சட்டமூலத்தைத் தனியுரிமையைச் சொல்லியே நிராகரித்தது. அமெரிக்காவின் நேப்பர்வில் நகர வழக்கில் 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இத்தகைய தரவு சேகரிப்பு அரசியலமைப்பின் பார்வையில் வீட்டைச் சோதனையிடுவதுதான் என்றது. அது நியாயமான சோதனை என்று அனுமதித்தது வேறு விடயம். மீள்குடியேற்றத்தின்போது வீட்டு வாசலில் குடும்பத்தோடு நிற்க வைத்துப் படம் பிடிக்கப்பட்டவர்களுக்கும், இரவில் யார் தங்கினார்கள் என்று காலையில் கேட்கப்பட்டவர்களுக்கும் இந்தத் தீர்ப்பின் அர்த்தம் வாசிக்காமலே தெரியும். இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதற்குள் ஒத்திவைத்தார்கள். மின்மானித் தரவைப் பொலிஸோ இராணுவமோ கேட்டால் நீதிமன்றக் கட்டளை வேண்டுமா என்பதை, முதல் மின்மானி பரந்தனிலோ மாவனல்லையிலோ பூட்டப்படுமுன் சட்டத்தில் எழுதிவிட வேண்டும்.

நான் வளர்ந்த வன்னியில் மின்மானியே இருக்கவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். அதனால் மின்சாரத்தை எதிர்த்து எழுத எனக்கு மனம் வராது. வரட்டும். ஆனால் தோட்டங்களுக்கு வரும்போது பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிய பெட்டியைப் பூட்டுவதோடு வேலை முடிந்ததென்று போகக்கூடாது. அந்த நாளே ஒரு கணக்கெடுப்பாக வேண்டும்: இந்தக் கம்பியில் எத்தனை குடும்பம், எத்தனை அடுப்பு. நிலம் யாருடையது என்ற வழக்கு தீரும்வரை காத்திருக்காமல், குடியிருப்பவருக்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலோடு மின்மானி கொடுக்கலாம். ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு அது கூடுதல் மின்மானி விற்பனைதானே, கசக்காது.

கிளம்பும்போது பெரியம்மாவிடம் புதிய மீற்றர் வரலாம் என்று சொன்னேன். “எத்தன?” என்று கேட்டார்.