காட்டேஜில் அடுப்பு இருந்தால் அம்மாதான் பற்றவைக்க வேண்டுமா?



சீசன் வந்தால் எனக்கு ஒரே மாதிரிச் செய்திதான் வருகிறது. "டீச்சர், கோத்தகிரியில் மூன்று நாள் காட்டேஜ் எடுத்தோம். சமையலறையோடு! ஓட்டல் செலவே இல்லை. உப்பு முதல் கேரட் வரை வீட்டிலிருந்தே கொண்டுபோய்விட்டோம்." கூடவே படங்கள். தேயிலைத் தோட்டத்தில் அப்பா நிற்கிறார், பிள்ளைகள் நிற்கிறார்கள். அம்மாவைக் காணோம். அவர் எங்கே நின்றுகொண்டிருப்பார் என்று உங்களுக்கும் தெரியும்.

சமையலறையுள்ள வீடு எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. கைக்குழந்தையும் சர்க்கரை நோயுள்ள பெரியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு அதுதான் சரி. ஆனால் "மிச்சம் பிடித்தோம்" என்கிறீர்களே, அந்த மிச்சத்தை யார் தலையில் கட்டினீர்கள்? அதுதான் என் கேள்வி.

முதலில் வீட்டுப் பெண்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பொடி இடித்து, மாவு அரைத்து, மூட்டை கட்டுகிறார்கள். அங்கே போனதும் மூன்று வேளைச் சமையல். பத்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்துகிறேன்: உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலை குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேக வீட்டில் ஆவதைவிட நேரமாகும். அத்தனை நேரமும் முன்பின் பழகாத அடுப்பின் முன்னால் நிற்பது யார்? அவருக்கு இது விடுமுறையா, வேலை இடமாற்றமா?

இரண்டாவது, அந்த ஊர். நீலகிரியில் விளையும் கேரட்டும் உருளைக்கிழங்கும் லாரியேறி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அங்கிருந்து உங்கள் ஊர்க் கடைக்கு வருகின்றன. நீங்கள் அதை வாங்கி, டிக்கியில் போட்டு, அதே மலைக்குத் திரும்ப ஏற்றுகிறீர்கள். இதில் எங்கே இருக்கிறது சிக்கனம்?

மலை தாங்காது என்றுதான் சென்னை உயர் நீதிமன்றம் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கொண்டுவரச் சொன்னது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் வைத்தது. ஒவ்வொரு காரும் தன் மளிகைக் கடையைத் தானே சுமந்துகொண்டு போனால் அந்த ஊருக்கு மிஞ்சுவது என்ன? புகை, ஹாரன் சத்தம், பாக்கெட் குப்பை. அங்கே தண்ணீரைச் செலவழிக்கிறோம், சாலையை அடைக்கிறோம். மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மாவிடம் கால் கிலோ பீன்ஸ் வாங்க மட்டும் மனம் வரவில்லை.

"மலையில் விலை கூடுதல் டீச்சர்" என்பீர்கள். சில பொருள்களுக்கு உண்மைதான். ஆனால் ஒரு இரவு வாடகைக்குச் சில ஆயிரம் கேட்டாலும் வாய் திறக்காமல் கட்டுகிறவர்கள், கத்தரிக்காய்க்குப் பத்து ரூபாய் கூட என்றதும் கணக்குப் பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

"என் வீட்டுக்காரிக்குச் சமைப்பதுதான் பிடிக்கும்" என்று ஒருவன் எழுதியிருந்தான். தம்பி, அவளிடம் கேட்டுவிட்டா எழுதினாய்?

ஆகவே இந்த வருட வீட்டுப்பாடம். அரிசியும் பெரியவர்களின் மருந்தும் போதும், மற்ற மூட்டை வேண்டாம். காலையில் ஆண்களும் பிள்ளைகளும் துணிப்பை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து போங்கள். நூக்கோல் எது, டர்னிப் எது என்று பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வாங்கியவர்களே நறுக்கட்டும், சமைக்கட்டும், பாத்திரமும் கழுவட்டும். ஒருவேளையாவது அந்த ஊர் மெஸ்ஸில் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள். குழம்பில் உப்பு கூடினால் யாரும் செத்துவிட மாட்டோம். அந்த மூன்று நாளும் வீட்டுப் பெண்கள் தூங்கட்டும், நடக்கட்டும், சும்மா உட்காரட்டும்.

இதற்குச் சம்மதமில்லை என்றால் காட்டேஜ் எடுக்காதீர்கள். வீட்டிலேயே இருங்கள். அங்கே அவருக்குப் பழகிய அடுப்பாவது இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் டீச்சர்