லெவல் ஏற எத்தனை ராத்திரி வேணும்?

சர்க்கரை, பிரஷர்னு பேசுற ஆள் இன்னைக்கு கேம் பத்திப் பேசப்போறேன். நீளமான இழை. சில பேருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம் ஆடுறவங்களுக்குள்ள ஒரு பழைய சண்டை உண்டு. கேரக்டர் லெவல் ஏறுறது வேகமா இருக்கணுமா, மெதுவா இருக்கணுமா? பழைய ஆளுங்க சொல்றது: "நாங்க மாசக்கணக்கா கஷ்டப்பட்டு ஏறினோம். இப்போ பசங்களுக்கு ஊட்டி விடுறாங்க. சும்மா கிடைச்சா மதிப்பு இருக்காது."

என் கட்சி நேர் எதிர். சீக்கிரம் ஏறணும். ஒரு ராத்திரி உட்கார்ந்தா ஒரு லெவல், அதுக்கு மேல இழுக்குறது நம்ம தூக்கத்துல கை வைக்கிற வேலை.

நானும் பழைய ஆள்தான். 2005-ல், எம்பிபிஎஸ் படிக்கும்போது, ஹாஸ்டல் பக்கத்து பிரவுசிங் சென்டர்ல ரூன்ஸ்கேப் ஆடினேன். அதுல ட்ரேனார்னு ஒரு கிராமம். ஆத்தங்கரையில வில்லோ மரம். வெட்டு, பை நிறைஞ்சா பக்கத்து பேங்க்ல போடு, திரும்ப வெட்டு. ஒரு கட்டைக்கு 67.5 புள்ளி. மரம் வெட்டும் திறமை 30-லிருந்து 60-க்குப் போக அதே மரத்துல சுமார் 3,850 கட்டை. வெட்டினேங்க. பார்மகாலஜி இன்டர்னல் தேர்வுக்கு முந்தின வாரம் வெட்டினேன். அந்த 3,850-ல முதல் பத்து கட்டைக்கு அப்புறம் புதுசா என்ன கத்துக்கிட்டேன்னு கேட்டா, ஒண்ணுமில்லை.

இன்னொரு கணக்கு பாருங்க. அந்த கேம்ல ஒரு திறமையோட உச்சம் 99. அதுக்கு 1,30,34,431 புள்ளி. இதுல பாதி எந்த லெவல்ல வரும்? 50-லனு நினைப்பீங்க. 92-ல. ஏழு லெவலுக்கு ஒருமுறை தேவை இரட்டிப்பாகும். சதுரங்கக் கட்டத்துல நெல்மணி வைக்கிற கதைதான். கடைசி ஏழு படிக்கு, முதல் 92 படி அளவு உழைப்பு. கஷ்டம் கூடியிருக்கா? இல்லை. அதே கிளிக். நேரம் மட்டும் கூடியிருக்கு.

"கஷ்டப்பட்டாதான் மதிப்பு"ங்கிற வாதத்தை நான் எங்க முதல்ல கேட்டேன் தெரியுமா? ஹவுஸ் சர்ஜன் டூட்டியில. 36 மணி நேரம் தொடர்ச்சியா நின்னுட்டு, "சார், கண்ணு சொருகுது"ன்னு சொன்னா வந்த பதில்: "எங்க காலத்துல இதைவிட மோசம். அப்படித்தான் டாக்டர் ஆனோம்." நாங்க பட்டோம், நீங்களும் படுங்க. 30-வது மணி நேரத்துல நான் கத்துக்கிட்டது நின்னுக்கிட்டே தூங்குறது எப்படிங்கிறது மட்டும்தான். நீளமும் பயிற்சியும் ஒண்ணுன்னு நினைக்கிற இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியிலும் இருக்கு, கேம்லயும் இருக்கு.

சரி, மெதுவா ஏறினா யாருக்கு லாபம்? எவர்குவெஸ்ட் 1999-ல வந்தது. மாசச் சந்தா. அதுல செத்தா சேர்த்த புள்ளி குறையும், சில நேரம் லெவலே இறங்கும். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004, அதுவும் மாசச் சந்தா, உச்சம் 60. அடுத்த வருஷமே கில்ட் வார்ஸ்னு ஒண்ணு வந்தது. ஒருமுறை வாங்கினா போதும், சந்தா கிடையாது. அதுல உச்ச லெவல் எவ்வளவு? வெறும் 20. கதை முடியுறதுக்கு முன்னாடியே ஏறிடலாம். அதுக்கப்புறம்தான் நிஜ ஆட்டம். மாச வாடகை வாங்குற வீட்டுல மாடிப்படி நீளமா இருந்ததும், வாடகை இல்லாத வீட்டுல குட்டையா இருந்ததும் தற்செயல்னு நீங்க நம்பினா, உங்க இஷ்டம்.

இதைவிட வேடிக்கை 2014. வார்கிராஃப்ட்ல ஒரு கேரக்டரை நேரா 90-வது லெவலுக்குத் தூக்கிவிட 60 டாலர்னு விலை போட்டு வித்தாங்க. பாதை அவ்வளவு அருமையா இருந்தா, அதுல நடக்காம இருக்க யாராவது காசு கொடுப்பாங்களா? 2020-ல அவங்களே 120-ஐ 50-ஆக சுருக்கிட்டாங்க.

இப்போ என் ஓபிக்கு வந்த ஒரு தம்பி. அடையாளம் தெரியாம விவரங்களை மாத்தியிருக்கேன். காலேஜ் ரெண்டாவது வருஷம். தலைவலி, கிளாஸ்ல தூக்கம். அப்பா கடை வச்சிருக்கார். "சார், இவன் போனுக்கு அடிமை. உடைச்சிரலாமான்னு இருக்கு."

உலக சுகாதார நிறுவனம் கேமிங் கோளாறை 2019-ல அதிகாரப்பூர்வமா நோய்ப் பட்டியல்ல சேர்த்துச்சு. அதுக்கு வரையறை இருக்கு. கட்டுப்பாடு போகணும், மத்த எல்லாத்தையும் விட கேம் முக்கியமாகணும், கெடுதல் தெரிஞ்சும் தொடரணும், பொதுவா 12 மாசமாவது நீடிக்கணும். இந்தத் தம்பி பரீட்சை எழுதுறான், கிரிக்கெட் ஆடுறான், கடையில அப்பாவுக்கு உதவுறான். ஒரு நாளைக்கு ஆடுறது மொத்தமே ஒண்ணரை மணி நேரம்.

அப்புறம் என்ன பிரச்சனை? ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வச்சு எழுந்திருக்கான். ஒரு மொபைல் கேம். முதல் 40 லெவல் ஒரே நாள்ல கொடுத்திருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு லெவலுக்கு மூணு நாள். ஆடத் தேவையான சக்தி கொஞ்சம் கொஞ்சமா ஊறும், நிரம்பிட்டா வழிஞ்சு வீணாப் போகும். அதை வீணாக்காம இருக்கத்தான் அலாரம். வேகம் குறையுற அதே இடத்துல, சரியா, சீக்கிரம் ஏற ஒரு பொட்டலம் விற்பனைக்கு வரும். பையன்கிட்ட காசு இல்லை. அதனால தூக்கத்தைக் கொடுத்தான். அந்த வயசுக்கு ஏழிலிருந்து ஒன்பது மணி நேரம் வேணும். இவனுக்குக் கிடைச்சது ரெண்டு துண்டா உடைஞ்ச அஞ்சு.

"அப்போ 2019-ல வார்கிராஃப்ட் கிளாசிக் வந்தப்போ ஏன் அவ்வளவு பேர் மெதுவான கேமுக்குத் திரும்பி ஓடினாங்க, டாக்டர்?" நியாயமான கேள்வி. அந்தப் பாதையில ஆள் இருந்தாங்க. ஒத்தையா போனா அடி விழும், அதனால வழியில வர்றவன்கிட்ட "சேர்ந்து போலாமா"ன்னு கேட்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி மெதுவு எனக்கும் சம்மதம். மூணு நாள் வில்லோ வெட்டச் சொல்லிட்டு அதுக்கும் இதே நியாயத்தைப் பேசாதீங்க.

அரசாங்கம் தடை போட்டா சரியாகுமா? சீனாவுல முயற்சி பண்ணாங்க. 2007-ல அமலான விதிப்படி, சின்னப் பசங்க மூணு மணி நேரம் தாண்டி ஆடினா கிடைக்கிற புள்ளி பாதி, அஞ்சு தாண்டினா பூஜ்யம். நோக்கம் சரி. பசங்க வீட்டுப் பெரியவங்க அடையாள எண்ணைப் போட்டு ஆடினாங்க.

வார்கிராஃப்ட் காரங்க செஞ்ச ஒரு நல்ல காரியத்தையும் சொல்லணும். சோதனைக் காலத்துல, ரொம்ப நேரம் ஆடினா புள்ளி பாதியாகும்னு வச்சாங்க. ஆடினவங்க கொதிச்சாங்க. கணக்கை அப்படியே விட்டுட்டுப் பேரை மட்டும் திருப்பிப் போட்டாங்க: ஓய்வெடுத்துட்டு வந்தா இரட்டிப்பு. சத்திரத்துல கேரக்டரைப் படுக்க வச்சுட்டு நீங்க போய்த் தூங்கினா, எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவல்ல 5 சதவீதம் போனஸா சேரும். பத்து நாள் வரலைன்னாலும் ஒண்ணரை லெவல் அளவு காத்திருக்கும். எட்டு மணி நேரம்! எங்க புரொபசர் எழுதின பிரிஸ்கிரிப்ஷன் மாதிரி இருக்கு.

அதைத்தான் கேட்கிறேன். கடைசி லெவலும் முதல் லெவல்களும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கட்டும். 2012-ல வந்த கில்ட் வார்ஸ் 2-ல, ஆரம்ப லெவல் தாண்டினா 80 வரைக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆட்டம் ஒண்ணும் கெட்டுப்போகலை. கஷ்டம் வேணும்னா எதிரியைக் கஷ்டமாக்குங்க. தூங்கப் போனவனுக்கு எதுவும் வழிஞ்சு வீணாகக் கூடாது.

பெற்றோர்களுக்கு: "எத்தனை மணி நேரம் ஆடுறே?"ன்னு கேட்டா பொய்தான் வரும். நான் அந்தத் தம்பிகிட்ட "அடுத்த லெவலுக்கு எவ்வளவு நாள் ஆகும்?"னு கேட்டேன். யோசிக்காம "இன்னும் ரெண்டரை நாள் சார்"னான். "அதுக்கடுத்ததுக்கு?" "நாலு." "அதுக்கடுத்ததுக்கு?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் அவனே போனை எடுத்து அந்த மூணு மணி அலாரத்தை அழிச்சான். கேமை அழிக்கலை, நானும் சொல்லலை. அடுத்த ரிவ்யூ ரெண்டு வாரத்துல.